ஓடைத் தண்ணீர் பாதி, கிணற்றுத் தண்ணீர் பாதி: அரை ஏக்கருக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசை முடியும் இடத்தில் எனக்கு அரை ஏக்கர் காய்கறி நிலம். வெண்டை, பயற்றங்காய், கொஞ்சம் மிளகாய். ஒரு பக்கம் ஓடை, அதிலிருந்து முப்பதடி தள்ளி உறைக் கிணறு. இரண்டு தண்ணீர் இருக்கிறதே என்ற திமிரில் முதல் வருடம் தைப்பூசம் கழிந்த வெயிலில் கிணற்று மோட்டாரைக் காலை முதல் நண்பகல் வரை ஓடவிட்டேன். நான்காம் நாள் குழாயில் சேறு வந்தது. அதைவிட அதிர்ச்சி, நான் கையே வைக்காத ஓடையும் இறங்கியிருந்தது.

ஆழமில்லாத கிணறும் பக்கத்து ஓடையும் பெரும்பாலும் ஒரே தண்ணீர்தான். இங்கே இறைத்தால் அங்கே குறையும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு எழுத வேண்டும்.

முதல் வேலை, தேவையைத் தெரிந்துகொள்வது. நம் நாட்டு வெயிலில் பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். அரை ஏக்கர் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். ஆக, மழையில்லாத நாளில் 8,000 லிட்டர். சொட்டுநீர் போட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

அடுத்து ஓடையை அளந்து பாருங்கள். சிறு பாலத்தடியில் தண்ணீர் குழாயிலிருந்து விழும் இடத்தில் 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 10 வினாடி என்றால் மணிக்கு 7,200 லிட்டர். அதில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். கீழேயும் யாரோ வெண்டை போட்டிருப்பார். பாதி எடுத்தாலே இரண்டேகால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நாட்களில் கிணற்று மோட்டாரைத் தொடவே கூடாது. புட் வால்வில் (ஓடைக்குள் கிடக்கும் உறிஞ்சு குழாயின் அடி வால்வில்) இலை அடைக்கிறது, சுத்தம் செய்ய ஓடையில் இறங்க வேண்டும் என்று சோம்பல் வரும். வரட்டும்.

கிணற்றை அளப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கயிற்றில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மோட்டார் போடும் முன் காலையில் இறக்குங்கள். 'டுப்' என்று சத்தம் கேட்டதும் விளிம்பிலிருந்து எத்தனை முடிச்சு என்று எண்ணி நோட்டில் குறியுங்கள். மூன்றடி அகல உறையில் ஓர் அடித் தண்ணீர் வெறும் 200 லிட்டர்தான். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வாயடைத்துவிட்டது. பத்தடி நிறைந்து கிடந்தாலும் 2,000 லிட்டர்; மிச்சமெல்லாம் ஊறி வர வேண்டியது.

இனி வறண்ட நாள். வாளி நிரம்ப 60 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,200 லிட்டர், நம் பங்கு 600. எட்டு மணி நேரத்தில் 4,800 கிடைக்கும். குறையும் 3,200 லிட்டரைத்தான் கிணற்றிடம் கேட்க வேண்டும். அதையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. தடவைக்கு நான்கடி, அதாவது 800 லிட்டராக, நான்கு தடவை இறைத்து இடையில் ஊற விடுங்கள். என் கிணறு மறுபடி ஏற இரண்டு மணி நேரம் எடுக்கும். உங்கள் கிணற்றின் பழக்கத்தைக் கயிறே சொல்லும். மறுநாள் காலை பழைய முடிச்சுக்கு வந்துவிட்டால் சரி. நாளுக்கு நாள் இறங்கினால் இறைப்பைக் குறைத்து, செடியடியில் காய்ந்த இலைதழை பரப்பி மூடாக்குப் போட்டு, ஒரு பாத்தியைக் கைவிடுங்கள். கிணறு சேமநிதி மாதிரி; முன்கூட்டியே வழித்து எடுத்தவர்கள் கதை நமக்குத் தெரியாததா?

கிணற்று நீரை நேராகச் சொட்டுக் குழாயில் விடாதீர்கள். வாளியில் பிடித்தபோது கண்ணாடியாக இருந்த தண்ணீர் ஒரு ராத்திரி கழித்துத் துருநிறமானால் அதில் இரும்பு இருக்கிறது. தொட்டிக்குள் உயரத்திலிருந்து சிதறி விழ விட்டு, இரவு முழுவதும் தெளிய வைத்து, மேல்நீரை வடிகட்டி அனுப்புங்கள். சுண்ணாம்புக் குன்றுப் பக்கம் தண்ணீர் கடினமாக இருக்கும். துளைகளில் வெள்ளைப் படிவு கட்டும். ஓடைக்கு வேறு நோய்: கனமழையின் முதல் சில மணி நேரம் தோட்டத்து உரமும் களைக்கொல்லியும் சேர்ந்தே வரும். தெளிந்த பிறகு எடுங்கள். பழைய ஈயக் குட்டை (வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய நீர்) அருகில் இருக்கிறது என்று ஆசைப்படுபவர்கள், ஆர்செனிக், காரீயம் இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்காமல் காய்கறிக்கு விடக் கூடாது.

புதிதாகக் கிணறு தோண்டுவதற்கும் ஓடையில் மோட்டார் வைப்பதற்கும் முன் நில அலுவலகத்தில் விசாரியுங்கள். இங்கே நீர்வளம் மாநில அரசின் பொறுப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டங்களில் வரிசைக்கு இடையே வெட்டுவார்களே, அதுபோல் மேட்டுப் பக்கம் குறுக்காகக் குழிகள் வெட்டி ஓடும் மழைநீரை நிறுத்துங்கள். மண் வழியாக வடிந்து கிணற்றுக்குப் போகட்டும். கூரை நீரையோ வயல் நீரையோ கிணற்று வாய்க்குள் நேரே விட்டால் அழுக்கும் கூடவே இறங்கும்.

மழை வந்து ஓடை நிறைந்ததும் மோட்டாரை நிறுத்திவிடலாம். கயிற்றை மட்டும் சுருட்டிவிடாதீர்கள். மழைக்கால முடிச்சுக் கணக்கு கையில் இருந்தால்தான் அடுத்த மாசியில் எத்தனை பாத்தி மிளகாய் போடலாம் என்று முடிவு செய்ய முடியும்.