வேகப்பந்து வீசும் பிள்ளைக்கு ஒரு கணக்கு நோட்டு

பள்ளி அணியின் பயிற்சியாளருக்குப் பள்ளியில் வீசிய பந்துகள் மட்டுமே தெரியும். அகாடமியில் இருப்பவருக்கு மாலை வலைப்பயிற்சி மட்டுமே தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கேப்டனுக்கு இவ்விரண்டுமே தெரியாது. மூன்றையும் சேர்த்துச் சுமப்பது பிள்ளையின் முதுகுதான். ஆகவே பெற்றோர் முதலில் ஒரு நோட்டு வாங்கி, அன்றன்று எங்கெங்கே எத்தனை பந்து வீசப்பட்டது என்று எழுதிக் கூட்ட வேண்டும். வலைப்பயிற்சிப் பந்துகளை விட்டுவிடக் கூடாது. கணக்கு பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

வரம்புக்கு, இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் நெடுங்காலம் கடைப்பிடித்த விதி நல்ல அளவுகோல். 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து 5 ஓவரும் நாளொன்றுக்கு 10 ஓவரும், 15 வயதுக்குட்பட்டவர் முறையே 6, 12 ஓவரும் வீசலாம். 7 நாள்களில் 4 நாள்களுக்கு மேலோ, அடுத்தடுத்து 2 நாள்களுக்கு மேலோ வீசக் கூடாது. 10 ஓவர் என்பது 60 பந்துகளே. ஆர்வமுள்ள பையன் அதை ஒரே மாலையில் வீசித் தீர்த்துவிடுவான்.

முன்னங்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே கணத்தில் இடுப்பு முதுகெலும்பு வளைந்து திரும்பவும் செய்கிறது. முதிராத எலும்பில் இது மீண்டும் மீண்டும் நேர்ந்தால் நுண்விரிசல் உண்டாகலாம். வலக்கையால் வீசுபவருக்கு இடப்பக்கக் கீழ்முதுகில் வலி வந்தால், தைலம் தேய்த்து ஆட்டத்துக்கு அனுப்பும் நம் வீட்டு வழக்கத்தை விட்டு, பந்துவீச்சை அன்றே நிறுத்தி விளையாட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்க நிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். விரிசல் உறுதியானால் ஓய்வு மாதக்கணக்கில் நீளும்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. விடியற்காலை 5 மணிப் பயிற்சியும் இரவு 9 மணி டியூஷனும் ஒரே நாளில் பொருந்தா. நானாக இருந்தால் காலைப் பயிற்சியைத்தான் குறைப்பேன்.

கட்டிய கட்டணத்தைப் பிள்ளையின் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தால், அவன் வலியை மறைப்பான். ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறியதும் "எத்தனை விக்கெட்?" என்று கேட்பதை விடுத்து, சாப்பிட்ட பிறகு "எங்கேயாவது வலிக்குதாடா?" என்று கேட்டு, விடையை அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளரிடமும் நோட்டைக் காட்டி, "சார், இந்த வாரம் நாலு நாள் வீசிட்டான், இன்னைக்கு பேட்டிங் மட்டும் போதுமா?" என்று கேளுங்கள்.