அமெரிக்கப் பள்ளியின் இடைநீக்கக் கணக்கை நாமே சரிபார்ப்பது எப்படி?

2017-18 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15 விழுக்காடு. இடைநீக்கம் செய்யப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலோ ஏறத்தாழ 38 விழுக்காடு. இது நாடு முழுமைக்குமான கணக்கு. கலிபோர்னியாவில் என் மகன் படிக்கும் பள்ளியின் நிலை என்ன என்று தேடியபோது கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் 1968 முதல் நடத்திவரும் சி.ஆர்.டி.சி. (Civil Rights Data Collection, குடிமை உரிமைகள் தரவுத் திரட்டு) கணக்கெடுப்பின் தளத்திலிருந்து, ஒரே கல்வியாண்டுக்கான இடைநீக்கக் கோப்பையும் சேர்க்கைக் கோப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணைக் கோப்பை) எக்செலில் இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். பள்ளி அடையாள எண் 12 இலக்கம் கொண்டது. கலிபோர்னியாவின் எண் 06 என்று தொடங்குவதால் முன்னால் உள்ள சுழியம் தொலைந்துவிடும், பிறகு இரு கோப்புகளையும் இணைப்பதில் சிக்கல் வரும். திறக்கும்போதே அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறிக்கச் செய்யும் லிப்ரேஆபிஸ் என்ற இலவச மென்பொருளையே நான் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது படியில்தான் நான் இரண்டு நாள் தடுமாறினேன். மாற்றுத்திறனாளி, அல்லாதவர், ஒருமுறை, பலமுறை, ஆண், பெண் என்று ஓர் இனத்துக்கே எட்டு நெடுவரிசைகள் இருப்பதால் அவற்றைக் கூட்ட வேண்டும். நான் கூட்டியபோது ஒரு பள்ளிக்கு மைனஸ் 72 என்று வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த மைனஸ் 9 என்பது எண்ணிக்கையே அன்று, ‘இக்கேள்வி இப்பள்ளிக்குப் பொருந்தாது’ என்பதற்கான குறியீடு. எட்டிலும் அது இருந்ததால் பிழை கண்ணில் பட்டது. ஒரே ஒரு கட்டத்தில் இருந்திருந்தால் 12 மாணவர்கள் 3 ஆகச் சுருங்கியிருப்பார்கள், நானும் அதை நம்பியிருப்பேன். ஆகவே, கூட்டுவதற்கு முன் எல்லா மைனஸ் எண்களையும் வெற்றிடமாக்குங்கள். சுழியமாக மாற்றிவிடாதீர்கள்; ‘ஒருவரும் இல்லை’ என்பதும் ‘விவரம் இல்லை’ என்பதும் வேறு வேறு.

இனி வகுத்தல்தான். 40 கறுப்பின மாணவர்களில் 8 பேரும் 500 வெள்ளையின மாணவர்களில் 25 பேரும் இடைநீக்கம் பெற்றதாக வைத்துக்கொண்டால், விகிதங்கள் 20 விழுக்காடு, 5 விழுக்காடு. அதாவது நான்கு மடங்கு வேறுபாடு. சேர்க்கை அக்டோபர் முதல் தேதியை ஒட்டிய ஒருநாள் கணக்கு, இடைநீக்கமோ ஆண்டு முழுவதற்குமான கணக்கு என்பதால், மாணவர்கள் அடிக்கடி மாறும் பள்ளிகளில் இவ்விகிதத்தைச் சற்று நிதானித்தே படிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: 2020-21ஆம் ஆண்டில் தம் பள்ளியின் இடைநீக்கம் திடீரெனக் குறைந்ததைச் சீர்திருத்தமாகக் கொள்ளலாமா என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். பெருந்தொற்றால் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே படித்த ஆண்டு அது. அதை 2017-18உடன் நேரடியாக ஒப்பிட வேண்டாம். மற்றொருவர், இரண்டே மாணவர்கள் இருந்த ஒரு பிரிவின் கணக்கைப் பெற்றோர் குழுவில் பகிர்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில், யாருடைய பிள்ளை என்பது அக்கம்பக்கத்தாருக்கு உடனே தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுகளை நான் எவருக்கும் அனுப்புவதில்லை. பள்ளி முதல்வரிடம் நேரில் மட்டுமே பேசுகிறேன்.