வீடு பாதி, தண்ணீர் முழுசு: குளிர்காலத்தில் தரைக் குழாய்கள் உறையாமல் காப்பது

தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் என்று பள்ளியில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். நாம் வளர்ந்த வெயிலில் அது வெறும் பாடம். குளிர் நாட்டுக்கு வந்து வீடு கட்டத் தொடங்கும்போதுதான், அது நம் சொந்தத் தரைக்குள் நடக்கக்கூடிய விஷயம் என்று உறைக்கிறது.

வந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே மனை வாங்குகிறவர்கள் உண்டு, பத்து வருடம் கழித்துக் கட்டுகிறவர்களும் உண்டு. இந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் அனுபவம் ஒரே அளவுதான்: பூஜ்யம். வாடகை வீட்டில் ஹீட்டர் தானாக ஓடும், பில் வரும், அத்தோடு சரி. கட்டி முடியாத வீட்டில் குழாய் இருக்கும், தண்ணீர் இருக்கும், சூடு மட்டும் இருக்காது.

தரைக்குள் சூடான தண்ணீரை ஓட்டி அறையைச் சூடாக்கும் தரை ஹீட்டிங்கின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். காப்புப் பலகை விரித்து, அதன்மேல் பெக்ஸ் போன்ற பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதிப்பார்கள். பெரும்பாலும் 16 மில்லிமீட்டர் குழாய். ஒவ்வொரு அறைக்கும் ஒன்றோ இரண்டோ சுற்று. எல்லாச் சுற்றின் முனைகளும் சுவரோரப் பெட்டிக்குள் இருக்கும், தண்ணீரைப் பிரித்து விடும் மேனிஃபோல்டில் வந்து சேரும். குழாய்க்கு மேல் ஸ்கிரீட் எனப்படும் கலவைத் தளம். குழாயின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர் என்றால் 100 மீட்டர் சுற்றில் சுமார் 11 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பத்துச் சுற்று இருந்தால் 100 லிட்டருக்கு மேல். வீடு பாதி கட்டிய நிலையில் இவ்வளவு தண்ணீர் தரைக்குள் ஏன் இருக்கிறது? அழுத்தச் சோதனைக்காக. ஸ்கிரீட் போடுமுன் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, பிளம்பர் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றுவார். அவர் போனபிறகும் தண்ணீர் அங்கேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். இலையுதிர் காலத்தின் கடைசியில் சோதனை முடிந்தது. கேஜில் முள் அசையாமல் நின்றதைக் காட்டினார்கள், நானும் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டேன். ஸ்கிரீட்டும் போட்டாயிற்று. அப்புறம் மின் இணைப்பு தாமதமாயிற்று, தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்பை ஓட்ட வழியில்லை. இரவில் மைனஸில் போகத் தொடங்கியது. பிளம்பரைக் கேட்டால், தன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஸ்கிரீட் போட்டவரைக் கேட்டால், குழாய்க்குள் இருப்பது தன் வேலை இல்லை என்றார். ஒப்பந்தக்காரர் இரண்டு பேரையும் கைகாட்டினார். ஒருநாள் மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தபோது மேனிஃபோல்ட் பெட்டியின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் ஓட்டமானியின் கண்ணாடிக் குழல் விரிசல் விட்டிருந்தது, பித்தளை இணைப்பு ஒன்றும் பிளந்திருந்தது. தரைக்குள் இருந்த குழாய்கள் தப்பின. அது எங்கள் அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்லை.

அதனால் ஒப்பந்தம் பேசும்போதே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: குழாயில் தண்ணீர் நிரப்பும் நாளிலிருந்து ஹீட்டிங் ஓடத் தொடங்கும் நாள்வரை அந்தத் தண்ணீருக்கு யார் பொறுப்பு? ஊருக்குப் புதியவர்கள் என்பதால் நாம் இப்படிக் கேட்கத் தயங்குகிறோம். அவர்களுக்குத் தெரியாததா என்று விட்டுவிடுகிறோம். தெரியும்தான். ஆனால் அவரவருக்குத் தெரிந்தது அவரவர் வேலை. இரண்டு வேலைக்கு நடுவில் கிடக்கும் வாரங்களுக்கு ஆள் கிடையாது.

தண்ணீர் உறையும்போது கொள்ளளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. குழாயை எப்போதும் பனிக்கட்டி நேராக உடைப்பதில்லை. ஓர் இடத்தில் பனி அடைத்துக்கொண்டால், அந்த அடைப்புக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அங்கே அழுத்தம் எகிறும். இருப்பதில் பலவீனமான பாகம் எதுவோ அது போகும். அதனால்தான் மேனிஃபோல்ட், இணைப்புகள், வால்வுகள், பாய்லருக்குள் இருக்கும் வெப்பமாற்றி இவையெல்லாம் முதலில் அடிபடுகின்றன.

சைட்டில் உங்களுக்கு இரண்டு ஆறுதல்கள் சொல்வார்கள். ஒன்று, பெக்ஸ் உறைந்தாலும் வெடிக்காது என்பது. பாதி உண்மை. அது கொஞ்சம் விரிந்துகொடுக்கும். ஆனால் சுற்றிலும் ஸ்கிரீட் இறுகியிருக்கும்போது விரிய இடமில்லை, அதோடு இணைக்கும் பித்தளைக்கு அந்தக் குணமும் இல்லை. நடுவே அலுமினியம் வைத்த பல அடுக்குக் குழாய் அந்த அளவுக்குக்கூட விட்டுக்கொடுக்காது. இன்னொன்று, தரைக்குள் மண்ணின் சூடு இருக்கும் என்பது. குழாய்க்குக் கீழே காப்புப் பலகை போட்டதே மண்ணுக்கும் தரைக்கும் தொடர்பை அறுக்கத்தான். சூடு கீழே போகாது என்றால் கீழிருந்து மேலேயும் வராது. கூரையும் ஜன்னலும் முழுசாக இல்லாத வீட்டில் குழாய் வெளிக்காற்றின் குளிருக்குத்தான் இறங்கும். வாசல் ஓரம், கராஜை ஒட்டிய சுவர், வெளிச்சுவரில் பதித்த மேனிஃபோல்ட் பெட்டி இவையே முதலில் உறையும்.

என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் தண்ணீரையே உள்ளே விடாமல் இருப்பதுதான் நல்ல வழி. சோதனையைக் காற்றால் செய்யலாம், உங்கள் குழாயைத் தயாரித்தவர் அதை அனுமதித்திருந்தால். ஆனால் காற்று தண்ணீர் மாதிரி சாதுவானது இல்லை. அழுத்திய காற்று சுருட்டி வைத்த ஸ்பிரிங் போன்றது. ஓர் இணைப்பு கழன்றால் துண்டு பறக்கும். அழுத்தம் ஏற்றும்போது வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நிற்காதீர்கள். இன்னொரு விஷயம், காற்றால் சோதித்தால் குளிரில் முள் தானாக இறங்கும். 20 டிகிரியில் 4 பார் ஏற்றி, இரவில் பூஜ்யத்துக்குப் போனால், ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமலேயே கேஜ் 3.7 பார் அருகில் காட்டும். மைனஸ் 10-ல் சுமார் 3.5. எனவே அழுத்தத்தைக் குறிக்கும்போதெல்லாம் வெப்பநிலையையும் குறித்துவைக்க வேண்டும். ஸ்கிரீட் போடும்போதும் அழுத்தம் இருக்கட்டும். யாராவது குழாயில் ஆணி அடித்தால் முள் உடனே சொல்லிவிடும்.

தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருந்தால், வடிகால் வால்வைத் திறந்துவிட்டோம், வடிந்துவிட்டது என்று சொல்வதை நம்ப வேண்டாம். குழாய் படுத்துக் கிடக்கிறது. வால்வைத் திறந்தால் மேனிஃபோல்டில் உள்ளது மட்டும் கொட்டும், சுற்றுகளுக்குள் இருப்பது அப்படியே நிற்கும். கம்ப்ரசரால் ஊதித்தான் எடுக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுற்றைத் திறந்து. எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து ஊதினால் காற்று எளிதான ஒரு வழியைப் பிடித்துப் போய்விடும். மற்றவை நிரம்பியே இருக்கும். இதற்கு அதிக அழுத்தத்தைவிட நிறையக் காற்றுதான் தேவை, கைப்பெட்டி அளவுச் சின்னக் கம்ப்ரசர் திணறும். தண்ணீர் நின்று, புகைபோன்ற ஈரமும் நின்றபிறகு அரைமணி நேரம் விடுங்கள். சுவரில் ஒட்டியிருந்தது பள்ளங்களில் சேர்ந்திருக்கும். மறுபடி ஊதினால் இன்னும் கொஞ்சம் வரும். எங்கள் வீட்டில் இரண்டாம் முறை ஊதியபோதும் ஒரு சுற்றிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் வந்தது.

அடுத்த வழி, உறைவதைத் தடுக்கும் திரவமான கிளைகோலைத் தண்ணீரில் கலந்த கலவை. இதில் புரொப்பிலீன் கிளைகோல், எத்திலீன் கிளைகோல் என்று இரண்டு உண்டு, எத்திலீன் நஞ்சு. வீட்டுக்குள் புரொப்பிலீன்தான், அதுவும் ஹீட்டிங்குக்கென்று துருத்தடுப்பி சேர்த்து விற்பது. காருக்கு ஊற்றுவதைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டாம். கலவையில் 30 சதவீதம் இருந்தால் ஏறக்குறைய மைனஸ் 13 வரை தாங்கும், 40 சதவீதம் என்றால் மைனஸ் 21 வரை. வெளியே தொட்டியில் கலந்துவிட்டுப் பிறகு ஏற்றச் சொல்லுங்கள். குழாயில் இருக்கும் தண்ணீரோடு தானாகக் கலந்துகொள்ளும் என்று ஊற்றினால் ஒரு சுற்றில் கிளைகோல், இன்னொன்றில் வெறும் தண்ணீர் என்று நிற்கும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சின்னக் கருவியில் ஒரு சொட்டு விட்டால் கலவையின் அளவு தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றின் திரும்பும் முனையிலும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு அது தேவையில்லை என்றால் வடித்து, குறைந்தது மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை இஎன் 1264. கழுவிய தண்ணீரை மண்ணில் விடுவதற்கு முன் உள்ளூர் விதியைக் கேளுங்கள்.

வீட்டையே சூடாக வைத்திருப்பது மூன்றாவது வழி. கேட்க எளிது, ஆனால் பம்பும் ஹீட்டரும் மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. சனிக்கிழமை இரவு ஃபியூஸ் போனால் திங்கட்கிழமைதான் யாராவது பார்ப்பார்கள். ஜன்னல் இல்லாத திறப்புகளை பிளாஸ்டிக் விரிப்பால் மூட வேண்டியிருக்கும். எரிவாயுவில் நேரடியாக எரியும் ஹீட்டரை மூடிய அறையில் வைத்தால் ஈரமும் கார்பன் மோனாக்சைடும் சேரும். இது உயிர்போகிற விஷயம், காற்றோட்டமும் எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் கூடாது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தரைக் குழாயிலேயே சூடான தண்ணீரை ஓட்டி உறையாமல் காத்துவிடலாமே என்று தோன்றும். புதுசாகப் போட்ட ஸ்கிரீட் அதற்கு இடம் தராது. அதே தரநிலைப்படி சிமென்ட் ஸ்கிரீட் என்றால் 21 நாள் ஆகுமுன் தரையைச் சூடாக்கத் தொடங்கக் கூடாது. கால்சியம் சல்ஃபேட் வகைக்கு 7 நாள். அதன்பிறகும் முதல் மூன்று நாள் 20 முதல் 25 டிகிரித் தண்ணீர்தான், அப்புறம் வடிவமைத்த அதிகபட்ச வெப்பநிலையில் நான்கு நாள். அவசரப்பட்டால் தளம் விரிசல் விடும். ஸ்கிரீட் போடும்போதும் அதற்குப் பிறகு மூன்று நாளும் தளம் 5 டிகிரிக்குக் கீழே போகவும் கூடாது. அதாவது மிகவும் ஆபத்தான அந்த மூன்று வாரத்துக்குத் தரை ஹீட்டிங்கை நம்ப முடியாது. அறையை வேறு வழியில் சூடாக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாயில் காற்றோ கிளைகோலோ இருக்க வேண்டும். ஸ்கிரீட்டுக்கு நாள் குறிக்கும்போதே இதையும் பேசி முடித்துவிடுங்கள்.

எல்லாம் மீறி உறைந்துவிட்டதா? பம்பையோ பாய்லரையோ போட்டுப் பார்க்காதீர்கள், டார்ச் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள். அறையை மெல்லச் சூடாக்கி, ஓரிரு நாள் பொறுத்து, முழுசாக உருகியபிறகு ஒவ்வொரு சுற்றாக மறுபடி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தச் சுற்று தாங்கவில்லை என்று தெரிந்தால், வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு வெப்பக் கேமராவால் ஒழுகும் இடத்தைத் தேடலாம். அப்போதுதான் பழைய படங்கள் உதவும். ஸ்கிரீட் மூடுமுன் ஒவ்வொரு அறையையும், சுவரிலிருந்து அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நான் கேஜை மட்டும் எடுத்து வைத்திருந்தேன்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், குறிப்பாக ஆள் குடியில்லாத, சூடில்லாத கட்டடம் பற்றிய பகுதியை. எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் அடங்கி வெளியே நிற்கும் மோனோபிளாக் ஹீட் பம்ப் என்றால் அதற்குள்ளும் தண்ணீர் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. மேனிஃபோல்டில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பது காற்றா, தண்ணீரா, கிளைகோலா, எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் நிரப்பியது, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. பக்கத்தில் குறைந்தபட்ச வெப்பநிலையை நினைவில் வைக்கும் தெர்மோமீட்டர் ஒன்று. அட்டையைத் தமிழில் எழுத வேண்டாம், சைட்டில் வேலை செய்கிறவர்கள் படிக்கிற மொழியில் எழுதுங்கள்.