கோடையில் பாய்மரப் படகைக் கரையேற்றுவது எப்படி?

கரீபியன் தீவுகளில் பாய்மரப் படகிலேயே குடியிருந்து தீவு தீவாகச் சுற்றுகிறவர்கள், மே மாதம் பிறந்ததும் தெற்கு நோக்கி நகரத் தொடங்குவார்கள். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிப்பதால், கிரெனடாவிலோ டிரினிடாட்டின் சாகுவாராமஸிலோ உள்ள படகுப் பட்டறையில் படகைத் தூக்கி நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்வருவது அங்கே வழக்கமாகிவிட்டது. முப்பது நாற்பது அடி நீளமும் ஃபைபர்கிளாஸ் உடலும் ஒற்றைக் கீலும் (அடியில் நீருக்குள் நீளும் கனத்த பகுதி) உள்ள படகை முதன்முறையாகக் கரையேற்றப் போகிறவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். டிரினிடாட் சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருக்கிறது. கிரெனடாவுக்கு அந்த வசதி முழுமையாக இல்லை. 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி தாக்கியபோது அங்கே கரையில் நின்ற படகுகள் பல சரிந்து விழுந்தன. 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவின் மீதே கரையைக் கடந்தது. ஆகவே அங்கே நிறுத்துவதானால், தரையில் நங்கூரம் பதித்து வார்ப்பட்டைகளால் படகை இழுத்துக் கட்டும் ஏற்பாடு உண்டா, பாய்மரத்தைக் கழற்றித் தனியே வைக்க இடம் உண்டா என்று கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள்.

1. தூக்குவதற்கு முன்

படகின் நீளம், அகலம், எடை, நீருக்குள் அமிழும் ஆழம் ஆகியவற்றைப் பட்டறைக்கு எழுத்தில் கொடுங்கள். அத்துடன், படகின் அடிப்பகுதி முழுவதும் தெரியும் பழைய புகைப்படம் ஒன்றும் கட்டாயம் வேண்டும். டிராவல் லிஃப்ட் எனப்படும் சக்கரம் வைத்த தூக்கி, இரண்டு அகலமான வார்களில் படகை ஏந்தித் தூக்குகிறது; அந்த வார் ப்ரொப்பல்லர் தண்டின் மீதோ, சுக்கானின் மீதோ, அடியில் பொருத்திய வேகமானியின் மீதோ விழுந்தால் முறிவு நிச்சயம். நீருக்குள் இருப்பது தூக்கியை இயக்குபவருக்குத் தெரியாது என்பதால், வார் விழவேண்டிய இடங்களைப் படகின் மேல்விளிம்பில் நிற நாடா ஒட்டிக் காட்டிவிடுங்கள். அணியப் பக்கம், அதாவது முன்பக்கம், உடல் சரிவாக இருக்கும் படகில் முன்வார் வழுக்கிப் போக வாய்ப்புண்டு. முன்வாரையும் பின்வாரையும் ஒன்றோடொன்று கயிற்றால் பிணைக்கச் சொல்லுங்கள். பாய்கள் அனைத்தையும் இறக்கிவிடுங்கள். தூக்கியின் குறுக்குச் சட்டம் இடித்தால் பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பிவடத்தையும் தளர்த்த வேண்டியிருக்கும்.

2. மேலே வந்த முதல் ஒரு மணி நேரம்

படகு வாரில் தொங்கும்போதே உயர் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பாசியும் கொட்டலசும் (படகில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) ஈரமாக இருக்கையில் சுரண்டியின் ஓர் இழுப்புக்கு உதிரும். கரீபியன் வெயிலில் அரை நாள் காய்ந்துவிட்டாலோ சிமெண்ட் போல இறுகி, பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டுதான் வரும்.

கழுவி முடிந்ததும் பென்சிலோடு படகைச் சுற்றி வாருங்கள். ஃபைபர்கிளாஸில் நீர் ஊறியதால் எழும் சிறு கொப்புளங்கள் ஈரத்தில்தான் தெளிவாகத் தெரியும், உலர உலர அமுங்கி மறையும்; எனவே ஒவ்வொன்றையும் அப்போதே வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குத்திப் பார்ப்பதானால் கண்ணாடி அணியுங்கள், ஏனெனில் உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் திரவம் வினிகர் நெடியுடன் பீறிட்டு அடிக்கும். சுக்கானின் அடி நுனியில் நீர் சொட்டுவது இரண்டு நாளுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் அதன் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சொட்டும் நீர் துருநிறத்தில் இருந்தால் உள்ளிருக்கும் எஃகுத் தண்டும் அரிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். ப்ரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்: ஓர் அங்குலத் தண்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் தண்டு சுழலும் ரப்பர் தாங்கியை மாற்றும் காலம் வந்துவிட்டது. மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிந்து கரையும்படி பொருத்திய துத்தநாகக் கட்டிகள் பாதி கரைந்திருந்தால் புதியவற்றைப் பொருத்துங்கள். கடல்நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் படகின் அடியில் உள்ள வால்வுகளின் உலோகத்தைச் சற்றுச் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தென்பட்டால், அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய் உலோகம் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது, தயங்காமல் மாற்றுங்கள்.

3. நிறுத்துதல்

படகின் எடை முழுவதையும் கீலுக்கு அடியில் வைக்கும் கனத்த மரக்கட்டைகளே தாங்க வேண்டும். பக்கங்களில் நிற்கும் ஜாக் ஸ்டாண்டுகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே; அவற்றை முறுக்கி எடையேற்றினால் படகின் உடல் உள்நோக்கி அமுங்கும். பக்கத்துக்குக் குறைந்தது மூன்று தேவை, சூறாவளிப் பகுதியில் அதற்கும் அதிகம். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து அவற்றை நிறுத்தி, எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் இணைத்து, மண் தரையானால் கால்களின் கீழ் ப்ளைவுட் துண்டு வைக்க வேண்டும். மழை பெய்து மண் இளகிய பிறகு இதன் அருமை தெரியும். ஸ்டாண்டை நகர்த்துவது பட்டறை ஆட்களின் வேலை. நீங்கள் தொடவே கூடாது. தார்ப்பாயை ஒருபோதும் ஸ்டாண்டில் கட்டாதீர்கள், காற்றில் அது படபடத்து இழுத்தால் ஸ்டாண்டே உருவிக்கொண்டு வந்துவிடும்.

4. ஆறு மாதத்துக்குப் பூட்டும் முன்

எஞ்சினின் கடல்நீர்ப் பாதையில் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் இதழ்கள் மடிந்த வாக்கிலேயே நிலைத்துவிடும். மெத்தைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அலமாரிகளையும் குளிர்பெட்டியையும் திறந்து வைத்தால் பூஞ்சணம் குறையும். தளத்தின் வடிகால் துளைகளை மாதம் ஒருமுறை பார்க்க ஆள் ஏற்பாடு செய்வது செலவே ஆனாலும் அவசியம்: இலை அடைத்துக்கொண்டால் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கிவிடும்.

5. பெயிண்ட், கடைசியாக

புதியவர்கள் படகு மேலே வந்த சூட்டோடு பெயிண்ட் டப்பாவைத் திறக்க நினைப்பார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டில் சில வகைகள் நீண்ட நாள் வெயிலில் காய்ந்தால் வீரியம் இழக்கும். பூசியபின் எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஆகவே இறக்கும் வாரத்தில் பூசுவதே சரி. பழைய பூச்சை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசு நஞ்சு. முகமூடி அணிந்து தண்ணீர் தொட்டே உப்புத்தாள் போடுங்கள். நிழல் விழும் பக்கத்திலேயே ரோலரை ஓட்டுங்கள். இரண்டு பூச்சு, நீர்மட்டக் கோட்டிலும் கீல், சுக்கான் ஆகியவற்றின் முன்விளிம்பிலும் மூன்றாவது பூச்சு. துத்தநாகக் கட்டியின் மேல் மட்டும் பெயிண்ட் படக் கூடாது. ஸ்டாண்டு மறைத்த இடங்களையும் கீலின் அடியையும் வாரில் தூக்கிய பிறகு தொட்டுவிடலாம்.

6. இறக்குதல்

படகு மிதந்ததும் வாரை விடச் சொல்லாதீர்கள். முதலில் உள்ளே இறங்கி, தரைப்பலகைகளைத் தூக்கி, ஒவ்வொரு வால்வையும் விளக்கடித்துக் கையால் தடவிப் பாருங்கள். ப்ரொப்பல்லர் தண்டில் சொட்டாத வகை ரப்பர் அடைப்பு இருந்தால், அதை விரலால் அழுத்தி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ஒரு குமிழியோடு சிறிது தண்ணீர் பீறிட்ட பிறகு கையை எடுக்கலாம். அது செய்யாமல் எஞ்சினை ஓட்டினால் அடைப்பு நீரின்றிச் சூடேறிக் கருகும். எல்லாம் உலர்வாக இருந்தால் எஞ்சினைக் கிளப்பி, புகைபோக்கியில் தண்ணீர் வருவதைப் பார்த்த பின்னரே தூக்கியை இயக்குபவருக்குக் கை காட்டுங்கள்.