பெரிய அடிக்காரனைச் சின்ன உடம்புக்காரன் வெல்வது எப்படி: மலையகத்துப் பொடியன்களுக்கான பயிற்சிக் குறிப்புகள்

தோட்டத்துப் பொக்சிங் பயிற்சிக்கு வழக்கமாக ஐந்தாறு பேர்தான் வருவார்கள். எடைக்கு எடை பொருந்திய ஜோடி கிடைப்பது அரிது. 57 கிலோப் பொடியன் 75 கிலோக்காரனோடு கையுறை மாட்டித்தான் ஆக வேண்டும். "இவனை எப்படி அடிக்கிறது?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

அடிக்க முடியும். அதற்கு, பெரியவன் இரண்டு காலையும் ஊன்றி நிற்பதை நீங்கள் தடுக்க வேண்டும். பலமான குத்து கையில் பிறப்பதில்லை. பின்காலின் அழுத்தம் இடுப்பில் திரும்பி, தோளுக்கு ஏறி, கடைசியில்தான் கை முட்டிக்கு வருகிறது. உங்களைத் தேடித் திரும்பிக்கொண்டே குத்துகிறவனிடம் கையின் பலம் மட்டும்தான் இருக்கும்.

முதலில் எதிரில் நிற்பவன் எந்த வகை என்று பாருங்கள். பெரிய உடம்பும் பெரிய அடியும் ஒன்றல்ல. 1985 செப்டெம்பரில் அமெரிக்க பொக்சர் மைக்கல் ஸ்பிங்ஸ் 200 இறாத்தல் எடையோடு 221 இறாத்தல் லாரி ஹோம்ஸைப் புள்ளிகளில் வென்றார். ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவான லைட் ஹெவிவெயிட்டில் சம்பியனாக இருந்தபடியே ஹெவிவெயிட் பட்டம் எடுத்த முதல் ஆள் அவர்தான். அதே ஸ்பிங்ஸை 1988 ஜூனில் மைக் டைசன் 91 வினாடியில் முடித்தார். அன்று எடை வித்தியாசம் ஆறு இறாத்தல்தான். ஹோம்ஸ் தூரத்தில் நின்று ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் வேகக் குத்து) போடுகிறவர், வயதும் 35 ஆகியிருந்தது. டைசனோ தலையை ஆட்டிக்கொண்டே தூரத்தை விழுங்கி உள்ளே வருகிறவர். ஆகவே எடையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம். முதல் 30 வினாடிக்கு அடிப்பதைக் குறைத்து, தோளாலும் முன்காலாலும் அடிக்கப்போவதுபோல் பொய் காட்டுங்கள். பதறிப் பெரிய குத்து விடுகிறானா, பின்வாங்குகிறானா, தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்கிறானா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது தூரம். அவன் நீட்டிய கையின் நுனியில் நிற்பதுதான் மிக ஆபத்து, ஏனென்றால் குத்தின் முழு வேகமும் அங்கேதான் வெடிக்கிறது. ஒன்று, அவன் கைக்கு ஒரு சாண் வெளியே இருக்க வேண்டும். அல்லது, நெற்றி அவன் நெஞ்சில் படும் அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும். பயந்தவன் அரை அடி பின்வாங்கி, சரியாக அந்தக் கைநுனியிலேயே போய் நிற்பான். பெரும்பாலான விழுகைகள் அப்படித்தான் வருகின்றன. பயிற்சிக்கு ஜோடியைக் கை நீட்டச் சொல்லி, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். அவன் ஓரடி வைத்தால் நீங்களும் ஓரடி. யாரும் குத்தாமல் மூன்று நிமிடம் இதையே செய்தால் கண் தூரத்தைப் பழகிக்கொள்ளும்.

கால்தான் பாதி வேலை. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் போட்டி ரிங் அளவுக்கு 6.1 மீற்றர் சதுரம் போடுங்கள். மூலைக்கு மூலை 8.63 மீற்றர் வந்தால் சதுரம் சரி. நேராகப் பின்னால் போவதற்கு அதிகபட்சம் இரண்டு எட்டு, மூன்றாவது எட்டு பக்கவாட்டில்தான் விழ வேண்டும். இருவரும் வலதுகைக்காரர் என்றால், உங்கள் வலப்பக்கமாகச் சுற்றினால் அவனுடைய வலது கையிலிருந்து விலகுகிறீர்கள், ஆனால் இடது ஹூக்குக்குள் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) நடக்கிறீர்கள். அதனால் வலது முட்டி கன்னத்தை விட்டு இறங்கக் கூடாது. அவனுடைய பெரிய அடி இடது ஹூக் என்றால் திசையை மாற்றுங்கள். நீங்கள் இடதுகைக்காரர் என்றால் உங்கள் முன்கால் அவன் முன்காலுக்கு வெளியே இருக்கட்டும். இடதுகைக்காரரான ஒலெக்சாண்டர் உசிக்கின் ஆட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பக் காணலாம். 2021இல் 221 இறாத்தலோடு 240 இறாத்தல் அந்தோனி ஜோஷுவாவையும், 2024 டிசம்பரில் 226 இறாத்தலோடு 281 இறாத்தல் டைசன் பியூரியையும் அவர் புள்ளிகளில் வென்றார்.

ஒரு எச்சரிக்கை: பனி விழுந்த புல்லில் திரும்பும் பயிற்சி செய்யாதீர்கள். கால் வழுக்கும், அல்லது பாதம் புல்லில் மாட்டி முழங்கால் முறுகும். மழைநாளில் சனசமூக நிலையத்துச் சீமெந்துத் தரையே மேல்.

குத்தும்போது ஒன்று அல்லது இரண்டு, உடனே கோணம் மாற்றம். நான்காவது குத்துக்கு ஆசைப்படும்போதுதான் அவன் கால் ஊன்றிவிடுகிறான். தலைக்கு ஒரு ஜாப், அடுத்து முழங்காலை மடக்கி நெஞ்சுக்குழிக்கு ஒரு ஜாப். இடுப்பை வளைத்துக் குனிந்தால் முகம் கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்துக்கு நேரே போகும், அதனால் முழங்கால்தான் மடங்க வேண்டும். கொழுந்துச் சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிடாதீர்கள். மணல் அடியில் இறங்கிக் கல்லாகி மணிக்கட்டைக் கெடுக்கும். பழந்துணியை இறுக்கித் திணித்து 20 முதல் 25 கிலோ வரை செய்தால் போதும்.

உள்ளே போய்விட்டால் அங்கே சும்மா நிற்காதீர்கள். நீங்கள் அவன் இடுப்பைச் சுற்றிக் கட்டினால், அவன் முழுப் பாரத்தையும் உங்கள் கழுத்தில் போட்டுவிடுவான். அவன் முழங்கையின் மடிப்பில் உங்கள் கையைக் கொளுவி, தலையை அவன் தோளுக்கு உட்புறம் வைத்து, அவனைக் கால்வாசி வட்டம் திருப்பிவிட்டு வெளியேறுங்கள். 1996 நவம்பரில் இவாண்டர் ஹொலிஃபீல்ட் மைக் டைசனை அப்படிக் கட்டி, தள்ளி, பின்னோக்கி நடக்கவைத்து 11ஆவது சுற்றில் நிறுத்தினார். அமெச்சூர் போட்டியில் பிடித்துக்கொண்டே இருந்தால் நடுவர் எச்சரிப்பார், புள்ளி போகும்.

தொழில்முறைச் சண்டையைப் பார்த்துப் பழகுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெரியவனைக் களைக்கவைக்க அவர்களுக்கு 12 சுற்று இருக்கிறது, உங்களுக்கு மூன்றே மூன்று. ஒன்பது நிமிடத்தில் எந்த மாமிச மலையும் களைத்து விழாது. முதல் சுற்றை எடுங்கள், இரண்டாவதையும் எடுங்கள், மூன்றாவதில் அதே தூரத்தைக் காப்பாற்றுங்கள். 1941 ஜூனில் பில்லி கொன், தன்னைவிட 25 இறாத்தல் கூடிய ஜோ லூயிஸை 12 சுற்று முடிவில் இரண்டு நடுவர்களின் புள்ளித் தாளில் முந்தியிருந்தார். 13ஆவதில் விழுத்தியே தீருவேன் என்று நின்று அடித்தார், சுற்று முடிய இரண்டு வினாடி இருக்கையில் லூயிஸிடம் அடி வாங்கித் தானே விழுந்தார். முந்தி நிற்கும்போது வரும் அந்த ஆசையைப் பயிற்றுநர் மூலையிலேயே அடக்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே பழகிய மூச்சு கொழும்பில் நடக்கும் போட்டியில் உதவும் என்று எண்ணுவது பாதிதான் சரி. கொழும்புப் புழுக்கத்தில் மலைநாட்டு உடம்பு அதிகம் வியர்த்து இரண்டாவது சுற்றிலேயே கால் கனக்கும். முடிந்தால் சில நாள் முன்னதாக இறங்கி, பகல் சூட்டில் மெதுவாகப் பயிற்சி செய்து, உப்பும் தண்ணீரும் சரியாக எடுங்கள். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்துவது இந்த நேரத்தில் மிகக் கெட்ட யோசனை. நீர் வற்றிய உடம்பில் கால்தான் முதலில் போகும், கால் போனால் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

எடை வித்தியாசத்தோடு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) செய்யும்போது இருவருக்கும் 16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், பல் காப்பு கட்டாயம். பெரியவன் தலைக்கு மெதுவாகத் தொடலாம், முழுப் பலம் வேண்டாம். இரண்டு நிமிடச் சுற்று மூன்று போதும், வாரத்துக்கு ஒரு தடவை. யாராவது தள்ளாடினால், கண் மங்கினால், அல்லது பிறகு தலைவலி, குமட்டல் வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். தலையடியில் விழுந்தவனுக்குக் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் இல்லை, அடுத்த வாரம் போட்டி இருந்தாலும் இல்லை.