கேலக்டோஸ் ஒட்டும் நொதியைச் சோதிப்பது எப்படி: பூஜ்யக் குழியிலிருந்து தொடங்குவோம்

வாளையார், கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ் பேசி, கல்லூரியில் ஆங்கிலத்தில் பயோகெமிஸ்ட்ரி படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம். மறுசேர்க்கை முறையில் (மனித மரபணுவை வேறு செல்லில் வைத்து) தயாரித்த மனித நொதி பி4ஜிஏஎல்டி1 கையில் இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

யூடிபி-கேலக்டோஸ் (யூரிடின் டைபாஸ்பேட்டில் கட்டிய கேலக்டோஸ்) மூலக்கூறிலிருந்து கேலக்டோஸை எடுத்து, என்-அசிட்டைல்குளுக்கோசமைன் என்ற சர்க்கரையின் 4-ஆம் கார்பனில் ஒட்டுவதுதான் இதன் வேலை. மிஞ்சுவது யூடிபி. பால்மடியில் ஆல்ஃபா-லாக்டால்புமின் கூடச் சேர்ந்தால், இதே நொதி குளுக்கோஸில் ஒட்டி லாக்டோஸ் செய்யும். பால் சொசைட்டியில் ஊற்றும் பாலின் இனிப்பு பசுவின் இதே நொதி செய்ததுதான்.

மிஞ்சிய யூடிபியைத்தான் அளக்கப் போகிறோம். சிடி39எல்3 என்ற பாஸ்ஃபட்டேஸ் (பாஸ்பேட்டை வெட்டிவிடும் நொதி) ஒரு யூடிபிக்கு ஒரு பாஸ்பேட் வீதம் விடுவிக்கும். அந்தப் பாஸ்பேட்டை மலக்கைட் கிரீன் என்ற சாயக் கரைசல் மஞ்சளிலிருந்து பச்சையாகிக் காட்டும்.

முதலில் பாத்திரம். பாதிப் பேர் தோற்பது இங்கேதான். சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கலாம். அந்தப் பீக்கரில் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கலக்கினால், சோதனைத் தட்டில் நொதி போடாத குழியே, அதாவது பூஜ்யக் குழியே, பச்சையாகிவிடும். புது பிளாஸ்டிக் குழாய்களையே எடுங்கள். கண்ணாடிதான் உண்டென்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, சுத்திகரித்த நீரில் பலமுறை அலசுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிபிஎஸ் பஃபரும் ஆகாது, அது பாஸ்பேட் கரைசல்தானே.

பஃபர்: ட்ரிஸ் 25 மில்லிமோலார், மாங்கனீசு குளோரைடு 10, கால்சியம் குளோரைடு 10, பிஎச் 7.5. மாங்கனீசு இல்லாமல் பி4ஜிஏஎல்டி1 நகராது, கால்சியம் பாஸ்ஃபட்டேஸுக்கு. பிஎச் 8-ஐத் தாண்டினால் மாங்கனீசு ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பு நிறம் தட்டும். அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். இடிடிஏ மாங்கனீசைப் பிடித்துக்கொள்ளும். டைதயோதிரெய்ட்டால் நொதியின் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கும். இரண்டையும் சேர்க்காதீர்கள்.

நொதிக் குப்பியைப் பனிக்கட்டி மேல் உருகவிட்டு, திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் சில நொடி சுழற்றுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் துளியில் பாதிப் பணம் இருக்கும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) கூடாது. 5 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 70-இல் வையுங்கள். மறுபடி மறுபடி உறைந்து உருகினால் நொதி செத்துவிடும். இடிமழைக் காலத்தில் கரண்ட் போகும் ஊர்களில் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குழிக்கு 50 மைக்ரோலிட்டர், இரண்டு பாதியாக. முதல் 25-இல் யூடிபி-கேலக்டோஸ் 0.4 மில்லிமோலார், என்-அசிட்டைல்குளுக்கோசமைன் 40 மில்லிமோலார், பாஸ்ஃபட்டேஸ் 0.1 மைக்ரோகிராம். அடுத்த 25-இல் நொதி: 0, 6, 12, 25, 50, 100 நானோகிராம், ஒவ்வொன்றும் மூன்று குழி. 37 டிகிரியில் 20 நிமிடம். பிறகு மலக்கைட் கிரீன் கரைசல் (அமிலம் உண்டு, கையுறை போடுங்கள்), நிறம் நிலைத்ததும் 620 நானோமீட்டரில் வாசியுங்கள். அளவு தெரிந்த பாஸ்பேட் போட்ட அளவுகோல் வரிசையும் அதே தட்டில் ஓட வேண்டும்.

குழியில் யூடிபி-கேலக்டோஸ் மொத்தம் 10 நானோமோல். அதில் ஒரு நானோமோல், அதாவது பத்தில் ஒரு பங்கு கரைவதற்குள் கிடைக்கும் அளவுகளைத்தான் நம்பலாம். அதற்கு மேல் கோடு வளைந்துவிடும். கணக்கு எளிது: 50 நானோகிராம் 20 நிமிடத்தில் 600 பிக்கோமோல் பாஸ்பேட் தந்தால், 600-ஐ 20-ஆலும் 0.05-ஆலும் வகுங்கள். நிமிடத்துக்கு, மைக்ரோகிராமுக்கு 600 பிக்கோமோல். பூஜ்யக் குழியின் அளவைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும்.

மற்ற எல்லாம் போட்டு என்-அசிட்டைல்குளுக்கோசமைன் மட்டும் போடாத குழி வரிசை ஒன்றும் கட்டாயம். நொதி கூடக் கூட அது பச்சையானால், சர்க்கரை ஒட்டாமலே யூடிபி-கேலக்டோஸ் உடைகிறது என்று அர்த்தம். எல்லாக் குழியும் ஒரே மாதிரி பச்சை என்றால் பாத்திரமோ பழைய யூடிபி-கேலக்டோஸோ காரணம். எல்லாம் மஞ்சளாகவே நின்றால் ஒரு குழியில் நொதிக்குப் பதில் ஒரு நானோமோல் யூடிபி போடுங்கள். அது பச்சையானால் பாஸ்ஃபட்டேஸும் சாயமும் நன்றாகத்தான் இருக்கின்றன. குறை பி4ஜிஏஎல்டி1-இலோ அதன் சர்க்கரைகளிலோ இருக்கிறது.