எடை குறைந்த லேப்டாப் வாங்குவது எப்படி: முதலில் இயங்குதளம், அப்புறம் இயந்திரம்

பலரும் முதலில் எடையைப் பார்க்கிறார்கள், அப்புறம் பிராசசரை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைப் பற்றி யோசிப்பது வாங்கி வந்த பிறகுதான். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றச் சொல்வேன். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம், சில மாடல்களில் வைஃபை சிப்கூட, மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். உங்கள் இயங்குதளத்தோடு ஒத்துப்போகாத சிப் உள்ளே இருந்தால், பின்னால் கழற்றி மாற்ற வழி கிடையாது.

படி 1: எந்த மென்பொருள் இல்லாமல் முடியாது?

ஒரு தாளில் எழுதுங்கள். உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள் இவ்வளவுதான் என்றால் எந்த இயங்குதளமும் போதும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகள், விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் என்றால் விண்டோஸ்தான். லினக்ஸில் ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். போட்டோ, வீடியோ வேலை, நீண்ட பேட்டரி, பணமும் இருக்கிறது என்றால் மேக்புக் ஏர் நல்ல தேர்வு. எம்2 சிப்பிலிருந்து 13 அங்குல மாடல் சுமார் 1.24 கிலோதான், விசிறியும் கிடையாது.

மற்ற எல்லோருக்கும், முக்கியமாகப் படிப்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும், நான் லினக்ஸைத்தான் சொல்வேன். லினக்ஸ் பல வடிவங்களில் (வழங்கல்கள்) கிடைக்கிறது. புதியவர் என்றால் லினக்ஸ் மின்ட். லேப்டாப் மாடல் வெளிவந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை என்றால் ஃபெடோரா. புத்தம்புது சிப்களுக்கான ஆதரவு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் புதிய பதிப்பில்தான் முதலில் வரும், ஃபெடோராவில் அது சீக்கிரம் கிடைக்கும்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கட்டாயம். அது இல்லாத இயந்திரம் மலிவாகக் கிடைத்தால் லினக்ஸுக்கு என்றே வாங்குங்கள். குரோம்புக் (கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) என்றால், தானியங்கிப் புதுப்பிப்பு எந்தத் தேதி வரை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் காலக்கெடு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த வன்பொருள் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் போன்ற ஏஆர்எம் சிப் (இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறுபட்ட கட்டமைப்பு) கொண்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது. பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் எமுலேஷன் மூலம் ஓடிவிடும். ஆனால் பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர்கள் அப்படி ஓடாது. உங்கள் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் ஏஆர்எம் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

படி 2: இயந்திரம்

ரேம் 16 ஜிபி. பின்னால் கூட்ட முடியாது என்பதால் இதில் பேரம் வேண்டாம். இஎம்எம்சி சேமிப்பகம் என்று போட்டிருந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், மெதுவாக இருக்கும். எம்.2 எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 1.1 கிலோ லேப்டாப்புக்கு 400 கிராம் சார்ஜர் என்றால் நீங்கள் சுமப்பது ஒன்றரைக் கிலோ. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகிற மாடலை மட்டும் எடுங்கள். ஒரு சிறிய 65 வாட் சார்ஜர் போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும்.

"18 மணி நேர பேட்டரி" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு வாட்-மணி எண்ணைப் பாருங்கள். 54 வாட்-மணி பேட்டரி, எழுதும்போது 6 வாட் இழுத்தால் 9 மணி நேரம். வீடியோ அழைப்பில் 13 வாட் இழுத்தால் நாலு மணி நேரம்தான்.

திரை 14 அங்குலம், 1920×1200 போதும். இதைவிட நுணுக்கமான திரைகளில் எழுத்தை 150 சதவீதம், 175 சதவீதம் என்று பெரிதாக்க வேண்டிவரும், அப்போது லினக்ஸில் சில பழைய மென்பொருள்கள் மங்கலாகத் தெரியும்.

படி 3: பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். பென்டிரைவில் அதை ஏற்றும் கருவிகளில் ரூஃபஸ், எட்சர் எல்லாம் நல்லவைதான். எனக்குப் பிடித்தது வென்டாய். பென்டிரைவில் ஒருமுறை அதை நிறுவிவிட்டால், அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளை (இயங்குதளத்தின் நிறுவல் கோப்புகள்) நகலெடுத்துப் போட்டாலே போதும். செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் இயந்திரத்தில் முதல்முறை நீலத்திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும், பயப்பட வேண்டாம்.

உள்ளே போனதும் வைஃபை, ஒலி, டச்பேட், வெளிச்சப் பொத்தான்கள், கேமரா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கேமராவை மறக்காதீர்கள். இன்டெல் சிப் கொண்ட சில புதிய மெல்லிய மாடல்களில் கேமரா யுஎஸ்பி வழியாக இல்லாமல் நேராகப் பிராசசரோடு இணைந்திருக்கும், லினக்ஸில் அது தகராறு செய்யும். கைரேகை உணரி வேலை செய்தால் கூடுதல் லாபம்.

படி 4: தூக்கம்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். மூடியை மூடிப் பையில் வைக்கிறோம். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் லேப்டாப் சுடுகிறது, பேட்டரி பாதி காலி.

முன்பெல்லாம் எஸ்3 என்கிற தூக்க நிலை இருந்தது. ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம், மற்ற அனைத்தும் அணைந்துவிடும். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' தான். போனைப் போல இயந்திரம் அரைத்தூக்கத்தில் இருக்கும், ஏதாவது ஒரு மென்பொருளோ டிரைவரோ அதை எழுப்பிவிடலாம். பயாஸில் (இயங்குதளத்துக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு மென்பொருள்) தூக்க நிலையை மாற்றும் வசதி சில மாடல்களில் மட்டும் இருக்கும். இருந்தால் எஸ்3-க்கு மாற்றிப் பாருங்கள்.

இரவில் சார்ஜரைக் கழற்றி, சதவீதத்தைக் குறித்துக்கொண்டு மூடியை மூடுங்கள். காலையில் ஐந்து சதவீதம் வரை குறைந்திருந்தால் சரி. பதினைந்தைத் தாண்டினால் ஹைபர்னேட்டுக்கு (ரேமில் இருப்பதை வட்டில் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) மாறுங்கள்.

விண்டோஸில்: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அங்கே இடப்பக்கம் மூடியை மூடினால் என்ன ஆக வேண்டும் என்ற இணைப்பு. பேட்டரிக்கான கட்டத்தில் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் ஹைபர்னேட்டைக் காட்டுவது போன்றவற்றுக்காகக் கீழே இருக்கும் பெட்டிகள் மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். மேலே 'தற்போது கிடைக்காத அமைப்புகளை மாற்று' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதே, அதைச் சொடுக்கினால்தான் அவை திறக்கும். கண் அதை எளிதில் தாண்டிப் போய்விடுகிறது.

லினக்ஸில் ஹைபர்னேட் செய்ய ரேம் அளவுக்கு ஸ்வாப் இடம் (வட்டில் ரேமுக்குத் துணையாக ஒதுக்கும் இடம்) வேண்டும். பல வழங்கல்களில் செக்யூர் பூட் இயங்கினால் ஹைபர்னேட்டைக் கெர்னலே தடுத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

பின்சேர்க்கை

லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இன்டெல் இயந்திரங்களில் பயாஸில் விஎம்டி அல்லது ரெய்டு என்ற வட்டு அமைப்பு இயங்கினால் இப்படி ஆகலாம். அதை அணைத்தால் எஸ்எஸ்டி தெரியும். ஆனால் விண்டோஸையும் கூடவே வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு அணைத்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

பயாஸில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதி) மீட்புச் சாவியை எடுத்துத் தனியாக எழுதி வையுங்கள். நாம் கேட்காமலேயே பல புதிய லேப்டாப்களில் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பு மாறியதும் 48 இலக்கச் சாவியை அது கேட்கலாம். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனது போனதுதான். வேறு காப்புப்பிரதி இருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.